எங்களுக்கான காலத்தை யார் குறிப்பது?

எங்க அப்பாயி செத்தது ஒரு கார்த்திகை மாசம், அடைமழையில். அடக்கப் பூசையில் சபை உரையாளர் நூலின் மூன்றாம் அதிகாரத்தை வாசித்தார்கள். பிறப்புக்கும் சாவுக்கும், நடவுக்கும் பிடுங்கலுக்கும், எல்லாத்துக்கும் ஒரு காலம் குறிக்கப்பட்டிருக்கிறது என்கிற பகுதி. கிறிஸ்தவச் சாவு வீடுகளில் அடிக்கடி காதில் விழுவதுதான். கேட்டு அழுதோம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கல்லறைக்குப் போனோம்.

எங்க ஊர்க் கல்லறைக்கு நடுவில் ஒரு சுவர் இருக்கிறது. ஊர்க்காரர்களுக்கு ஒரு வாசல், சேரிக்கு ஒரு வாசல். ஊர்க்காரர்கள் பக்கம் மேடு, எங்க பக்கம் பள்ளம். மழைத் தண்ணி முழுக்க எங்க பக்கம்தான் தேங்கும். குழியில் ஊறின தண்ணியைச் சட்டி சட்டியாக இறைத்துக் கொட்டிவிட்டுத்தான் அப்பாயியை இறக்க முடிந்தது. சாமியார் குடை பிடித்துக்கொண்டு மந்திரித்தார். சாகிறதுக்கு ஒரு காலம் உண்டு, சரி. புதைக்கிறதுக்கு ரெண்டு இடம் என்று எந்த வேதத்தில் எழுதியிருக்கிறது?

அப்பாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நடவு வயலில் குனிந்தபடியே செபமாலை சொல்லுவாள். மணி உருட்டக் கை ஓயாது, அதனால் நாற்று முடியைக் கணக்கு வைத்துச் சொல்லுவாள். ஐப்பசி, கார்த்திகையில் வயலில் வேலை இருக்காது, வீட்டில் அடுப்பு எரியாது. தை, மாசியில் அறுப்பு முடிந்து குதிரில் நாலு மரக்கால் நெல் விழுகிற நேரத்தில்தான் திருச்சபையின் தவக்காலம் வரும். “வருசத்துல வயிறு நிறையுற ஒரே மாசத்துல வந்து ஒருசந்தி இருங்கன்றாரு சாமியாரு. எங்க தவக்காலத்த நாங்க ஐப்பசியிலயே இருந்து முடிச்சாச்சுன்னு போயி சொல்லுடா” என்பாள். ஆனால் பெரிய வெள்ளிக்குப் பச்சைத் தண்ணி பல்லில் படாது. அவளுக்குத் தவக்காலம் யாரும் விதித்த சட்டமில்லை. பாடுபட்டுச் செத்தவனுக்கு, பாடுபடுகிறவள் செய்கிற மரியாதை. எந்தக் காலத்துக்கு என்ன அர்த்தம் என்பதை அவளே தீர்மானித்தாள்.

எனக்கு அந்தத் தெளிவு வர ரொம்ப நாள் ஆனது. சின்ன வயதில் பூசைக்கு உதவி செய்ய ஆசைப்பட்டேன். “உங்க தெருப் பிள்ளைகளுக்கு இன்னும் காலம் வரல” என்றார்கள். திருவிழாத் தேர் எங்க தெரு முனையில் திரும்பிப் போகும்போது கேட்டோம். அப்பவும் “காலம் வரும், பொறுங்க.” 1990இல் கல்லூரி விடுதியில் இருந்தேன். பௌத்தம் தழுவிய தலித்துகளையும் பட்டியல் சாதியில் சேர்த்துச் சட்டம் திருத்தப்பட்ட வருசம் அது. 1950இன் குடியரசுத் தலைவர் ஆணை இந்துக்களுக்கு மட்டும் என்றது. 1956இல் சீக்கியர்களைச் சேர்த்தார்கள், 1990இல் பௌத்தர்களை. கிறிஸ்தவத் தலித்துக்கும் முஸ்லிம் தலித்துக்கும் காலம் வரவில்லை. ஊரில் பறையன், கோயிலில் பறைக் கிறிஸ்தவன், தாலுகா ஆபீசில் மட்டும் பி.சி. அம்பேத்கரைப் படித்தேன். பூசைக்குப் போவதை விட்டேன்.

2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மத வரம்பை நீக்கச் சொல்லி அறிக்கை கொடுத்தது. 2022இல் இதே கேள்விக்காக நீதிபதி கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டார்கள். 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டது. அரசாங்கம் சொல்லும் காலமும் சாமியார் சொல்லும் காலமும் ஒரே காலண்டரில் கிழிபடுகின்றன.

அப்படியானால் வெளியேற வேண்டியதுதானே என்று தோழர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. வெளியேறியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். நானும் பத்து வருசத்துக்கு மேல் வெளியே நின்றவன்தான். ஆனால் ஒன்றைக் கேட்கிறேன். அப்பாயியின் விசுவாசத்தை அவளுக்குக் கொடுத்தது யார்? சாமியாரா? அவர் கொடுத்தது ஞாபகம் இல்லாத ஒரு ஞானஸ்நானமும் பள்ளத்தில் ஒரு குழியும்தான். நடுவில் இருந்த எண்பது வருசத்துக்கும் அர்த்தம் அவளே உண்டாக்கிக்கொண்டது. நகரத்து வாசலுக்கு வெளியே கொன்று போடப்பட்ட ஒருவனை அவள் தன் தெருக்காரனாகவே பார்த்தாள். அந்தச் சொத்தைச் சுவர் கட்டினவர்களிடம் விட்டுவிட்டு நான் ஏன் வெறுங்கையோடு போக வேண்டும்? மதுரை இறையியல் கல்லூரியில் இருந்த தியாபிலஸ் அப்பாவு, நம்ம பரட்டை அண்ணன், நாட்டுப்புற இசையை வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். ஒரே உலையில் பொங்கி எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவதை இறையியலாகப் பேசினார். யாருடைய அனுமதிக்கும் அவர் காத்திருந்ததாகத் தெரியவில்லை.

காலம் தானாக வராது என்பதற்கு வடக்கன்குளமே சாட்சி. கால்சட்டை மாதிரி ரெண்டு பிரிவாகக் கட்டப்பட்ட கோயில் அது. உள்ளே சாதி பிரித்து நின்ற தடுப்பு 1910இல் இடிக்கப்பட்டது. இடித்தது தப்பென்று ஆதிக்க சாதியார் சென்னை உயர்நீதிமன்றம் வரை போனார்கள், ஜெயிக்கவில்லை. அதற்கப்புறம் நூறு வருசம் கழித்து, 2016இல்தான் இந்திய ஆயர் பேரவை தலித் கிறிஸ்தவர்களுக்கான கொள்கை அறிக்கையை வெளியிட்டு, சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒத்துக்கொண்டது. ஒத்துக்கொண்டது சந்தோசம். எங்க ஊர்ச் சுவர் அந்த அறிக்கையைப் படிக்கவில்லை.

அப்பாயி செத்த மறு வருசம் கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவத்தி கொளுத்தப் போனேன். அவள் குழி அமிழ்ந்து, சிலுவை சாய்ந்து கிடந்தது. நிமிர்த்தி நட்டேன். அன்றைக்குத்தான் திரும்பவும் செபம் சொன்னேன். பழைய செபம்தான், ஆனால் கெஞ்சிச் சொல்லவில்லை.

இப்போது எங்க தெருப் பிள்ளைகள் ஒரு மனு எழுதியிருக்கிறார்கள். கல்லறைக்கு ஒரே வாசல், நடுச்சுவர் இருக்கக் கூடாது, பள்ளத்தை மண்ணடித்து மேடாக்க வேண்டும். மூன்றே கோரிக்கை. நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பங்குப் பேரவையில் பேசுவோம், காலம் வரட்டும் என்று பதில் வந்திருக்கிறது. “இடிக்கவும் ஒரு காலம் இருக்குன்னு அதே அதிகாரத்துல போட்டிருக்கே, அத ஏன் சாமி எங்களுக்கு வாசிக்கல?” என்று பத்தாவது படிக்கிற ஒரு பிள்ளை திருப்பிக் கேட்டிருக்கிறாள்.

அடுத்த கல்லறைத் திருநாளுக்கு எல்லோரும் மேட்டு வாசல் வழியாகத்தான் உள்ளே போவது என்று தெருக்கூட்டத்தில் முடிவு செய்திருக்கிறோம். கையில் மெழுகுவத்தியும் செபமாலையும் இருக்கும். மற்ற ஊர்த் தோழர்களும் மாணவர்களும் வந்தால் பலமாக இருக்கும்.