காட்சி மட்டுமா மலையகம்?

கச்சான் காற்று கடற்கரை மணலை வாரி முகத்தில் இறைக்கும் காலத்தில், ஆடி அமாவாசைத் தீர்த்தமும் முடிந்த கையோடு, எங்கள் திருக்கோவில் பகுதியிலிருந்து வாகனங்கள் மலையை நோக்கிப் புறப்பட்டுவிடும். புதிதாக மணமான இணைகள், கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் விடுமுறைக்கு வந்திருக்கும் தம்பதியர், கல்முனை, சாய்ந்தமருது, அக்கரைப்பற்று முஸ்லிம் குடும்பங்கள் என்று எல்லோருக்கும் அப்போது எல்லவும் அப்புத்தளையும் நுவரெலியாவும்தான் நினைவுக்கு வரும். திரும்பி வந்ததும் படங்கள் வரும். பயணக் கட்டுரைகளும் வரும். அவற்றில் பனி இருக்கும், அருவி இருக்கும், யானை இருக்கும், தேயிலைப் பச்சை இருக்கும். மனிதர் மட்டும் இருக்கமாட்டார்கள்.

பயணம் போவது குற்றம் என்று சொல்ல நான் வரவில்லை. உழைத்துக் களைத்தவர்கள் குளிர்ந்த காற்றைத் தேடிப் போவதில் என்ன தவறு? ஆனால் மலையையும் வனத்தையும் கண்குளிரக் கண்டுவிட்டு, அந்த மலையிலும் வனத்தின் ஓரத்திலும் வாழ்பவர்களை ஏறெடுத்தும் பாராமல் திரும்புகின்ற வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. அதனைக் கண்டிக்கவே இதனை எழுதுகிறேன்.

நாம் செல்லும் சாலையையே எடுத்துக்கொள்ளுங்கள். மட்டக்களப்பிலிருந்து கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் வழியாகக் கொழும்பு வரை நீளும் ஏ4 நெடுஞ்சாலை அது. நம் வாசலோரம் போகும் அதே சாலைதான் லகுகலை வனத்தை ஊடறுத்து, மொனராகலை, வெல்லவாய கடந்து, கொஸ்லந்தை, ஹல்துமுல்ல என்று மலையேறுகிறது. கடலோரத்து உழவனையும் மலையோரத்துத் தோட்டத் தொழிலாளியையும் ஒரே சாலை இணைக்கிறது. இருவரும் பேசுவது ஒரே மொழி. இருந்தும் ஒருவரை ஒருவர் எவ்வளவு அறிவோம்?

முதலில் வனத்தைப் பார்ப்போம். லகுகலை கித்துலானை தேசியப் பூங்கா 1980 இல் அறிவிக்கப்பட்டது. 1,554 ஹெக்டேயர் கொண்ட சிறிய பூங்கா. வறட்சிக் காலத்தில் குளத்துப் புல்லைத் தேடி யானைகள் கூட்டமாக வரும். வாகனத்தை நிறுத்துகிறோம், படம் எடுக்கிறோம், சிலர் வாழைப்பழத்தையும் எறிகிறோம். அவ்வாறு பழக்கப்பட்ட யானை அடுத்து வரும் வாகனத்தை மறிக்கும் என்பதோ, இரவில் அருகிலுள்ள வட்டைக்குள் இறங்கி வேளாண்மையை மிதிக்கும் யானைக்காக ஓர் உழவன் பரணில் கண்விழித்துக் கிடக்கிறான் என்பதோ நம் படத்தில் விழுவதில்லை. 2023 ஆம் ஆண்டில் மட்டும் இந்நாட்டில் 470க்கும் மேற்பட்ட காட்டு யானைகள் மடிந்தன. யானைகளால் 160க்கும் மேற்பட்ட மனிதர் உயிரிழந்தனர். நமக்கு வேடிக்கையாகத் தெரிவது அங்கே வாழ்பவர்களுக்கு உயிர்ப் பிரச்சினை.

மேலே செல்வோம். வெல்லவாயவைக் கடந்ததும் 220 மீற்றர் உயரத்திலிருந்து விழும் தியலும அருவி. அதன் முன் நின்று படம் எடுக்காத தம்பதியர் இல்லை. அங்கிருந்து சிறிது தூரத்தில் கொஸ்லந்தை. அதன் அருகே மீரியபெத்தைத் தோட்டம். 2014 ஒக்டோபர் 29 காலையில் அந்தத் தோட்டத்தின் லயன் வரிசைகள் மண்ணுக்குள் புதைந்தன. முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர் அல்லது காணாமற்போயினர். பெரும்பாலானோரின் உடல்கூடக் கிடைக்கவில்லை. அந்தச் சரிவு ஆபத்தானது என்ற எச்சரிக்கை 2005 இலும் 2011 இலும் விடுக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை இருந்தது, மாற்று நிலம் இருக்கவில்லை. உயிர் தப்பியோரின் கைக்கு வீடு வர ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் சென்றன. அருவியின் பெயர் நம் பயணக் கட்டுரைகள் அனைத்திலும் இருக்கிறது. மீரியபெத்தையின் பெயர் எத்தனை கட்டுரைகளில் இருக்கிறது?

2025 ஓகஸ்டில் நானும் மனைவியும் அவ்வழியே சென்றபோது ஹல்துமுல்லவை அண்மித்த ஒரு தேநீர்க்கடையில் அமர்ந்திருந்தோம். கொழுந்து நிறுத்துவிட்டு வந்த ஓர் அம்மா எங்கள் பேச்சைக் கேட்டு, "ஐயா எந்த ஊரு?" என்று வினவினார். திருக்கோவில் என்றதும் அவர் கேட்ட அடுத்த கேள்வி, "சுனாமியில உங்க வீடெல்லாம் போயிருச்சா?" என்பது. இருபது ஆண்டுகளுக்குப் பின்னும் அதை மறக்கவில்லை. "அப்ப எங்க லயத்துல வீட்டுக்கு ஒரு சுண்டு அரிசியும் துணியும் சேத்து லொறியில அனுப்புனோம்" என்று என் மனைவியிடம் சொன்னார். அவர் கடலைக் கண்டதேயில்லை. 2004 டிசம்பர் 26 இல் 10,000க்கும் மேற்பட்டோரைப் பறிகொடுத்த அம்பாறைக் கரைக்கு, நாளாந்தக் கூலியில் வாழ்ந்த ஒரு லயத்திலிருந்து அரிசி வந்திருக்கிறது. மீரியபெத்தைக்கு நம் தெருவிலிருந்து என்ன போனது என்பதை வாசகர்களே எண்ணிப்பாருங்கள்.

அந்தக் கூலியையும் அறிந்துகொள்ளுங்கள். ஆண்டுக்கணக்காகப் போராடிய பின் 2021 இல்தான் அது 1,000 ரூபாவானது. 2024 இல் 1,350 ரூபாவானது. 2026 ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் 1,750 ரூபா என்று அறிவிக்கப்பட்டது. குறித்த நிறை கொழுந்து பறிக்காவிட்டால் 'அரைப் பேர்'தான் விழும். எல்லவில் நாம் ஓர் இரவுக்குச் செலுத்தும் அறை வாடகையில் இப்படி எத்தனை நாட்கள் அடங்கும் என்று கணக்குப் பார்ப்பது அவரவர் பொறுப்பு. இந்த நிலையில் கொழுந்துக் கூடையை இரவல் வாங்கி முதுகில் மாட்டிப் படம் பிடித்துக்கொள்வதும், அனுமதி கேளாமல் அந்தப் பெண்களின் முகத்துக்கு நேரே கமராவை நீட்டுவதும் எந்த வகை நாகரிகம்?

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வீசியது. மண்சரிவுகளாலும் வெள்ளத்தாலும் நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்கள் பேரழிவைக் கண்டன. அந்த நாட்களில் வெளிநாட்டிலிருந்து எனக்கு வந்த முதல் விசாரிப்பு என்ன தெரியுமா? "எல்லப் பாதை திறந்துவிட்டதா? டிசம்பரில் வர இருக்கிறோம்" என்பதுதான். கேட்டவர் கெட்டவர் அல்லர். சுனாமிக்குக் கையைத் திறந்து கொடுத்தவர். மலையை ஒரு படமாகவே பார்த்துப் பழகிய கண்ணுக்கு, அது சரியும்போதும் பாதை மட்டுமே தெரிகிறது. நான் அஞ்சுவது இதனைத்தான்.

"விடுமுறையில் போகிறவனிடம் சமூக அக்கறையைத் திணிக்கலாமா?" என்று சிலர் கேட்பார்கள். "நாங்கள் செலவழிக்கும் பணம் அந்த மக்களுக்குத்தானே?" என்று வேறு சிலர் கேட்பார்கள். முதலாவதற்கு என் பதில் இது: அறுகம்பைக்கு அலைச்சறுக்க வருவோர் நம்மையும் ஒரு பின்னணித் திரையாகப் பார்த்துவிட்டுப் போகும்போது நமக்கு வலிக்கிறதல்லவா? அந்த வலியை அறிந்த நாமே அதனை இன்னொருவருக்குச் செய்யலாமா? இரண்டாவதற்கு: அறை வாடகை விடுதி உரிமையாளரைச் சேர்கிறது, நுழைவுச்சீட்டுப் பணம் திணைக்களத்தைச் சேர்கிறது. லயத்துக்குப் போவது மிகச் சொற்பம்.

நம் முன்னோர் பயணம் அறியாதவர்கள் அல்லர். கதிர்காமப் பாதயாத்திரை இன்றும் திருக்கோவிலைக் கடந்து, உகந்தையில் தங்கி, குமண, யால வனங்களின் ஊடாகத்தான் செல்கிறது. பலாங்கொடைக்கு அப்பாலுள்ள ஜெய்லானிக்குக் கல்முனைக் கரையிலிருந்து முஸ்லிம் அன்பர்கள் காலங்காலமாகச் சென்று வருகிறார்கள். அந்தப் பயணங்களில் வழியூரார் சோறிட்டார்கள், தண்ணீர் கொடுத்தார்கள். போனவர்கள் அவர்களது பெயரையும் ஊர் நிலவரத்தையும் அறிந்து திரும்பினார்கள். வழியில் உள்ளவர்களோடு உறவு வைத்துக்கொள்ளும் அந்த வழக்கம் குளிரூட்டிய வாகனத்தில் ஏறியதும் எங்கே போயிற்று?

ஆகவே தம்பதியருக்கு என் வேண்டுகோள் பெரிதன்று. வெல்லவாயவுக்கு மேலே ஒரு வேளை உணவையாவது தோட்டத்து மக்கள் நடத்தும் கடையில் உண்ணுங்கள். தமிழில் பேசுங்கள், பேரத்தை விடுங்கள். படம் எடுக்குமுன் அனுமதி கேளுங்கள், பெயரையும் கேளுங்கள். யானைக்கு எதையும் எறியாதீர்கள். ஊர் திரும்பிக் கட்டுரை எழுதினால் அருவியின் உயரத்தோடு அந்த வருடத்து நாட்கூலியையும், எந்த லயன் சரிவின் கீழ் இருக்கிறது என்பதையும் எழுதுங்கள். அடுத்த மழைக்கு முன் அவர்களுக்குப் பாதுகாப்பான நிலம் கொடுங்கள் என்று உரத்துக் கேட்கும் குரல் கொஸ்லந்தையிலிருந்து மட்டும் எழுந்தால் போதாது. கொழும்புக்கு அது கேட்பதேயில்லை. திருக்கோவிலிலிருந்தும் கல்முனையிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் அது எழவேண்டும். அதற்கு நாம் முதலில் அந்த மக்களைப் பார்த்திருக்க வேண்டும்.