ஒளிரும் புற்று: கண்டறிதல் மட்டும் போதுமா?

புற்றுநோய்க் கட்டியை அகற்றும் மருத்துவர், நோயுற்ற திசு எங்கு முடிகிறது, நலமான திசு எங்கு தொடங்குகிறது என்பதைப் பெரும்பாலும் தம் கண்ணாலும் விரல் நுனியாலுமே தீர்மானிக்கிறார். கண்ணுக்குத் தப்பிய சிறு துணுக்கு, நோய் மீண்டும் தலைதூக்கக் காரணமாகலாம். இந்தக் குறையைப் போக்க வந்தவைதான் ஒளிரும் வேதிப்பொருள்கள்.

அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகப் பேராசிரியர் பிலிப் லோவின் ஆய்வில் பிறந்த பாஃபோலாசியனைன் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. சினைப்பைப் புற்றணுக்கள் பலவற்றின் மேற்பரப்பில் ஃபோலேட் ஏற்பிகள் மிகுந்திருக்கும். ஃபோலேட்டை ஒத்த மூலக்கூறுடன் ஒளிரும் சாயத்தை இணைத்துச் செலுத்தினால், அது அந்த அணுக்களைத் தேடி ஒட்டிக்கொள்ளும். அகச்சிவப்பை ஒட்டிய அதன் ஒளியைச் சிறப்புக் கேமரா காட்டும். 2021 நவம்பரில் அந்நாட்டின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இதற்கு ஒப்புதல் அளித்தது. 134 பெண்களிடம் நடந்த ஆய்வில், 26.9 சதவீதத்தினருக்குக் கண்ணும் கையும் காணாத புற்றுத்திசு ஒன்றேனும் புலப்பட்டது.

இது பெரும் முன்னேற்றமே. எனினும், ஒளிர்வதெல்லாம் புற்று அல்ல. நலமான சில திசுக்களிலும் ஃபோலேட் ஏற்பிகள் உண்டு. தேவையின்றித் திசுவை அகற்றும் அபாயம் அதனால் எழுகிறது. மார்பகப் புற்றுக்காக 2024-இல் ஒப்புதல் பெற்ற பெகுலிசியனைன், கடும் ஒவ்வாமை குறித்த எச்சரிக்கையுடனேயே வந்தது.

இதைவிட முக்கியமான கேள்வி ஒன்றுண்டு: கூடுதலாகக் கண்டறிவது ஆயுளைக் கூட்டுகிறதா? மூளைக் கட்டிகளுக்கான அமினோலெவுலினிக் அமிலம் பற்றி ஜெர்மனியில் நடந்த ஆய்வு 2006-இல் வெளியானது. கட்டி முழுமையாக அகற்றப்பட்டோர் 36 சதவீதத்திலிருந்து 65 சதவீதமாக உயர்ந்தனர். ஆறு மாதங்கள் நோய் முற்றாமல் வாழ்ந்தோரும் ஏறத்தாழ இருமடங்காயினர். ஆனால், ஒட்டுமொத்த வாழ்நாளில் உறுதியான வேறுபாட்டை அந்த ஆய்வு நிறுவவில்லை.

எனவே, ஒப்புதலோடு கடமை முடிந்தது என ஒழுங்குமுறை அமைப்புகள் இருந்துவிடலாகாது. நோயாளிகளைப் பல்லாண்டு தொடர்ந்து கவனித்து, நோய் மீளாமையையும் வாழ்நாளையும் பதிவுசெய்து வெளியிடுமாறு நிறுவனங்களைப் பணிக்க வேண்டும். சாயத்தோடு கேமராவின் செலவும் சேர்ந்து இறுதியில் நோயாளியின் தலையிலேயே விழும். அந்தச் செலவுக்கு ஈடாகக் கிடைக்கும் நன்மை என்ன என்று கேட்க அவருக்கு முழு உரிமை உண்டு.