குழாய்க்கு வயசு என்ன? கணக்கைக் காட்டு!



மயிலாப்பூரிலோ தி.நகரிலோ ஒரு வீட்டு கேஸ் சிலிண்டர் லேசாகக் கசிந்தால் அடுத்த வீட்டுக்கே நாற்றம் தெரிந்துவிடும். நாறட்டும் என்றே அதில் மருந்து கலந்து அனுப்புகிறார்கள். நம்ம வயலுக்கு அடியில் கிணற்றிலிருந்து போகிற பச்சை வாயுவுக்கு அந்த மருந்து கிடையாது. பட்டணத்து மூக்குக்கு ஒரு நியாயம், பட்டிக்காட்டு மூக்குக்கு ஒரு நியாயமா?

ஆந்திராவில் கோதாவரி டெல்டாவில் நகரம் என்று ஒரு ஊர். நம்ம காவிரி டெல்டா மாதிரியே நெல்லும் தென்னையும் விளைகிற பூமி. 2014 ஜூன் 27 விடியற்காலை கெயில் குழாய் கசிந்து வாயு ஊரைச் சூழ்ந்தது. ஒரு பொறிதான். 20 பேருக்கு மேல் கருகிச் செத்தார்கள். தென்னைகள் நின்ற இடத்திலேயே எரிந்தன. ஈரமில்லாத வாயுவுக்குப் போட்ட குழாயில் தண்ணீர் கலந்த வாயுவை விட்டதால் இரும்பு உள்ளுக்குள்ளேயே அரித்துப் போயிருந்தது. குழாய்க்குள் கருவியை ஓடவிட்டு, சுவர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அளக்க வழி இருக்கிறது. நம்ம பம்புசெட்டு பைப்பில் துரு கண்டால் நாமே மாற்றுகிறோம். கோடி கோடியாய் லாபம் பார்க்கிறவனுக்கு இது தெரியாதா?

சட்டம் நமக்கு மட்டும் கறாராக இருக்கிறது. 1962-ஆம் வருஷத்துக் குழாய்ச் சட்டப்படி, குழாய் போகிற பட்டையில் நாம் மரம் வைக்கக் கூடாது, கிணறு வெட்டக் கூடாது, வீடு கட்டக் கூடாது. நிலம் நம்ம பேரில்தான். ஆனால் அதன் அடியில் கிடக்கிற குழாயைக் கடைசியாக எப்போது சோதித்தான் என்று கேட்டால் பதில் இல்லை.

கதிராமங்கலத்தில் 2017 ஜூன் 30 அன்று ஓ.என்.ஜி.சி. குழாய் உடைந்து வயலில் எண்ணெய் பாய்ந்தது. கலெக்டர் வந்து பார்க்கணும் என்று ஜனங்கள் உட்கார்ந்தார்கள். கிடைத்தது தடியடி. 10 பேர் ஜெயிலுக்குப் போனார்கள். 2020-ல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆக்கினார்கள், நல்லதுதான். ஆனால் அந்தச் சட்டம் புதுக் கிணறுக்குத்தான் தடை. ஏற்கெனவே ஓடுகிறது ஓடிக்கொண்டே இருக்கும். புதுசு வராது, பழசுக்கு வயசு ஏறுகிறது.

இன்னொன்றும் சொல்லணும். கம்பெனி மேல் உள்ள கோபத்தை அங்கே வேலை பார்க்கிற காண்டிராக்ட் பையன் மேல் காட்டாதீர்கள். முதலில் சாகிறவன் அவன்தான். அசாம் பாக்ஜானில் 2020 மே 27 அன்று, சிமெண்ட் அடைப்பு சரியாக இறுகுவதற்குள் கிணற்றின் தடுப்பு வால்வைக் கழற்றினார்கள். வாயு பீறிட்டது. ஜூன் 9-ல் தீப்பிடித்து, தீயணைப்பு ஊழியர்கள் இரண்டு பேர் செத்தார்கள். நவம்பர் வரை எரிந்தது. அவசரப்படுத்துகிறவன் ஆபீசில், நிற்கிறவன் கிணற்றடியில்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் ஆற்றில் எண்ணெய் படர்ந்தது. சி.பி.சி.எல். ஆலைதான் பொறுப்பு என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே சொன்னது. அள்ளியது யார்? மீனவர்கள், வெறும் கையாலும் மக்காலும்! அந்தக் கம்பெனியின் தலைமை ஆபீஸ் தேனாம்பேட்டை அண்ணா சாலையில் இருக்கிறது. நாகை பனங்குடி, நரிமணம் பக்கம் புது ஆலைக்கு நிலம் எடுத்ததும் இதே கம்பெனிதான்.

ஆகவே கேள்வியை எழுத்தில் கேட்போம். நம்ம ஊர்க் குழாய் எந்த வருஷம் புதைத்தது? கடைசிச் சோதனை என்றைக்கு, கனம் எவ்வளவு மிச்சம்? காண்டிராக்ட் தொழிலாளிக்கு வாயு காட்டும் கருவியும் பயிற்சியும் உண்டா? கசிந்தால் யாருக்குப் போன் பண்ணணும், எத்தனை நிமிஷத்தில் வால்வை மூடுவார்கள்? அடுத்த கிராம சபையில் இதையே தீர்மானமாக எழுதி, கையெழுத்துப் போட்டு, ஒரு நகல் கலெக்டருக்கு, ஒன்று கம்பெனிக்கு, ஒன்று கிண்டியில் இருக்கிற மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.