சொசேஜ் தொழிற்சாலையில் இருந்து வந்த ஆட்டக்காரன்



சென்ற முறை குளிர்கால உடுப்புகள் வாங்குவது பற்றி எழுதியிருந்தோம். இம்முறை உதைபந்தாட்டம். "இவருக்கு வேறு வேலை இல்லையோ" என்று அம்மாமார் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். உங்கள் பிள்ளைகளுக்கும் இதில் ஒரு விசயம் இருக்கிறது.

எங்கள் வேலைத்தலத்தில் தேநீர் இடைவேளை 15 நிமிடம். தேநீர் குடித்த கடதாசிக் கோப்பையைக் கசக்கி, இருந்த இடத்தில் இருந்தே குப்பைக் கூடைக்குள் எறிவது அங்கே ஒரு விளையாட்டு. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் நாங்களும் எறிந்து பார்த்தோம். கோப்பை கூடைக்கு மேலால் போய்ச் சுவரில் பட்டு விழுந்தது. உடனே நாலைந்து பேர் ஒரே குரலில் "வொடில்!" என்று கத்திச் சிரித்தார்கள். எங்களுக்கு முகம் சுண்டிப் போய்விட்டது. வந்தேறிகளைப் பழிக்கிற சொல்லாக்கும் என்று நினைத்தோம். வீட்டுக்கு வந்து அகராதியைப் புரட்டினால், தாரா போல அசைந்து அசைந்து நடத்தல் என்று போட்டிருக்கிறது. எங்கள் நடை அப்படியா என்று வீட்டுக்காரியைக் கேட்டோம். அவர் சிரித்தாரே தவிரப் பதில் சொல்லவில்லை.

வரிசையில் எங்களுக்குப் பக்கத்தில் நிற்கும் வயதான வெள்ளைக்காரர்தான் பிறகு விளக்கினார். அவர் நியூகாசில் பக்கத்து ஆள். அவருடைய ஆங்கிலத்தில் பாதி எங்களுக்கு விளங்காது, எங்களுடையதில் பாதி அவருக்கு விளங்காது, அதனால் இருவரும் சமம். வொடில் என்பது ஒரு ஆட்டக்காரனின் பெயராம். கிறிஸ் வொடில். 1990ஆம் ஆண்டு உலகக் கிண்ண அரையிறுதியில் இங்கிலாந்துக்காகப் பெனால்ரி அடிக்கப் போய், பந்தைக் கம்பத்துக்கு மேலால் வானத்துக்கு அனுப்பியவர். எங்கள் கோப்பை போனது போலவேதான்.

"அதை விடு," என்றார் அந்தக் கிழவர். "அந்தப் பெடியன் எங்கே வேலை செய்தவன் தெரியுமா? எங்களைப் போலத் தொழிற்சாலையில்."

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் நாங்கள் தேடத் தொடங்கினோம். பழைய ஆட்டங்களின் படங்களைத் தேடிப் பார்த்தோம், கிழவரைக் கேட்டோம், நூல்நிலையத்திலும் கொஞ்சம் வாசித்தோம்.

வொடில் 1960 டிசெம்பரில் நியூகாசிலுக்கு எதிர்க்கரையில் உள்ள கேற்ஸ்ஹெட் பகுதியில் பிறந்தவர். சின்ன வயதில் கழகங்கள் சிலவற்றில் தெரிவுக்குப் போயிருக்கிறார். அவர் ஆசையோடு ஆதரித்த சண்டர்லாண்ட் கழகமும் அவற்றில் ஒன்று. ஒருவரும் எடுக்கவில்லை. சொசேஜுக்குப் போடுகிற சரக்குத்தூள் தயாரிக்கும் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். ஓய்ந்த நேரத்தில் ரோ லோ ரவுண் என்ற சிறிய ஊர்க் கழகத்துக்கு விளையாடினார். மிளகுத்தூளும் வெங்காயத்தூளும் மூட்டை மூட்டையாக அவிழ்த்தால் மூக்கும் கண்ணும் என்ன பாடுபடும் என்று எங்களுக்குத் தெரியும். அப்படி வேலை முடித்து வந்து ஒருவன் பந்தடிக்கிறான் என்றால் அது சும்மா ஆசை இல்லை.

1980இல் நியூகாசில் யுனைற்றட் அவரை வாங்கியது. விலை 1,000 பவுண். நம்புங்கள், ஆயிரம்தான். அப்போது நியூகாசில் இரண்டாம் பிரிவில் கிடந்தது. பிறகு கெவின் கீகனும் பீற்றர் பியர்ட்ஸ்லியும் வந்து சேர, மூவருமாக 1984இல் கழகத்தை முதலாம் பிரிவுக்கு ஏற்றினார்கள். அடுத்த ஆண்டு மார்ச் மாதம் இங்கிலாந்து அணியில் முதல் ஆட்டம். அதே 1985 கோடையில் லண்டன் ரொட்டன்ஹாம் கழகம் 590,000 பவுணுக்கு வாங்கியது. அங்கே கிளென் ஹொடிலோடு சேர்ந்து 1987இல் ஒரு பாட்டுக்கூடப் பாடினார், அது விற்பனைப் பட்டியலில் 12ஆம் இடம் வரை போனது. அதைக் கேட்டுப் பார்த்தோம். ஆட்டமே நல்லது.

அவர் ஆடுவதைப் பார்த்தால் முதலில் சிரிப்பு வரும். தோள் இரண்டும் தொங்கிக் கிடக்கும். தலை குனிந்திருக்கும். இரண்டு வேளை வேலை செய்து களைத்தவன் பேருந்துக்கு நிற்பது போல நிற்பார். பந்து காலுக்கு வந்ததும் கதை வேறு. எதிராளிக்கு முன்னால் ஒரு தோளை இறக்குவார். அவன் அந்தப் பக்கம் சாய்வான். இவர் மற்றப் பக்கத்தால் போய்விடுவார். வேகமாக ஓடி அல்ல, அவனை ஏமாற்றித்தான் போவார். இடது கால்காரர் என்றாலும் வலது காலும் சளைத்ததல்ல. மைதானத்தின் ஓரத்திலும் நிற்பார், நடுவுக்கும் வருவார். எங்கே நின்றாலும் பந்தை வடிவாக மற்றவன் காலுக்குக் கொண்டுபோய் வைப்பார்.

1989இல் பிரான்ஸ் நாட்டின் மார்செய் கழகம் அவரை 45 இலட்சம் பவுண் கொடுத்து வாங்கியது. ஆயிரத்தில் தொடங்கியவர் ஒன்பது வருடத்தில் எங்கே நிற்கிறார் பாருங்கள். புதிய நாடு, புதிய பாசை, கடும் வெயில். தொடக்க வாரங்கள் சரியாக அமையவில்லை. புது நாட்டில் முதல் மாதங்கள் எப்படியிருக்கும் என்று இதை வாசிக்கிற உங்களுக்கு நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. (அவருக்குச் சம்பளம் வந்தது, விசாப் பிரச்சினை இல்லை, அது உண்மைதான்.) பிறகு பரிஸ் கழகத்துக்கு எதிரான ஆட்டத்தில், முன்னே வந்த கோல் காப்பாளருக்கு மேலால் பந்தை நெஞ்சால் தட்டி அனுப்பி, குதிக்காலால் கோலுக்குள் தள்ளினார். மார்செய்க்காரர் அவரைத் தங்கள் பிள்ளையாக்கிக் கொண்டார்கள். 1990, 1991, 1992 என்று மூன்று வருடமும் கழகம் பிரான்சின் சம்பியன்.

இந்த மூன்று வருடத்துக்கு நடுவில்தான் அந்த இரவு வருகிறது. 1990 யூலை 4, இத்தாலியில் ரூரின் நகரம். மேற்கு ஜேர்மனியோடு அரையிறுதி. 90 நிமிடத்தில் 1-1. மேலதிக நேரத்தில் வொடில் அடித்த பந்து கோல் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அது உள்ளே போயிருந்தால் எங்கள் வேலைத்தலத்தில் கோப்பை எறிகிறவர்கள் வேறு யாருடைய பெயரையோ கத்தியிருப்பார்கள். ஒரு சாண் தூரந்தான். பெனால்ரியில் லினேக்கர், பியர்ட்ஸ்லி, பிளாற் மூவரும் போட்டார்கள். நான்காவதாக ஸ்ருவேட் பியர்ஸ் அடித்ததைக் காப்பாளர் காலால் தடுத்தார். ஜேர்மன்காரர் நாலும் போட்டுவிட்டார்கள். ஐந்தாவதாக வொடில் நடந்து வந்தார். போட்டேயாக வேண்டிய உதை. ஓங்கி அடித்தார். மேலால் போனது.

பியர்சும் தவறவிட்டார். ஆனால் எங்கள் இடைவேளையில் ஒருவரும் "பியர்ஸ்!" என்று கத்துவதில்லை. கடைசியாகத் தவறவிட்டவன்தான் ஞாபகத்தில் நிற்கிறான் போலும்.

அடுத்த மார்ச்சில் அதே மனிதர் ஐரோப்பியக் கிண்ணக் காலிறுதியில் ஏ.சி. மிலானுக்கு எதிராக, விழுந்து வந்த பந்தை நிலத்தில் படவிடாமல் வலது காலால் அடித்து வெற்றிக் கோலைப் போட்டார். மிலான் அதற்கு முந்திய இரண்டு வருடமும் கிண்ணத்தை வைத்திருந்த அணி. இந்தக் கோலைப் பற்றிக் கேட்டால் எங்கள் கிழவருக்கு மட்டும் தெரியும்.

1992இல் இங்கிலாந்து திரும்பி ஷெஃபீல்ட் வென்ஸ்டேயில் சேர்ந்தார். 1993இல் உதைபந்தாட்டச் செய்தியாளர்கள் அவரை அவ்வாண்டின் சிறந்த ஆட்டக்காரராகத் தெரிவு செய்தார்கள். அந்த வருடம் வெம்பிளியில் எஃப்.ஏ. கிண்ண அரையிறுதி தொடங்கிய கையோடு, வெகு தூரத்தில் இருந்து தனி உதையால் அவர் போட்ட கோலைக் கட்டாயம் தேடிப் பாருங்கள். இறுதியாட்டத்தில் ஆர்சனலிடம் தோல்வி. மற்றக் கிண்ணத்தின் இறுதியிலும் ஆர்சனலிடந்தான் தோல்வி. இத்தனைக்கும் 1991 ஒக்ரோபருக்குப் பிறகு இங்கிலாந்து அணிக்கு அவர் எடுக்கப்படவேயில்லை. நாட்டிலேயே சிறந்தவர் என்று பட்டம், நாட்டு அணியில் இடமில்லை. 62 ஆட்டத்தோடு முடிந்தது. அந்த அணி 1994 உலகக் கிண்ணத்துக்குத் தகுதியே பெறவில்லை. பயிற்றுநருக்கு ஆயிரம் காரணம் இருந்திருக்கலாம். எங்களுக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

1997 தொடக்கத்தில், 36 வயதில், பிராட்ஃபோர்ட் சிற்றிக்காக எவர்ட்டன் கோல் காப்பாளரின் தலைக்கு மேலால் நெடுந்தூரத்தில் இருந்து ஒரு கோல். அதே வசந்தத்தில், பெடியனாக இருக்கையில் எடுக்க மறுத்த சண்டர்லாண்டே அவரைக் கூப்பிட்டது. அவர்களது பழைய மைதானத்தின் கடைசி லீக் ஆட்டத்தில் ஒரு கோலும் போட்டார். பேர்ன்லியில் ஒரு வருடம் முகாமையாளர், பிறகு சின்னக் கழகங்கள், வானொலி வர்ணனை என்று காலம் போனது.

இவ்வளவும் ஏன் எழுதுகிறோம் என்றால், எங்கள் மகனுக்கு ஒன்பது வயது. போன மாதம் பத்து வயதுக்குட்பட்டோர் ஆட்டம் ஒன்றில் பெனால்ரி அடித்து, மேலால் விட்டுவிட்டான். கூட விளையாடுகிற பெடியள் ஏதோ சொல்லியிருக்கிறார்கள். திங்கட்கிழமை வயிற்றுக்குத்து என்று பள்ளிக்கூடம் போகவில்லை. செவ்வாயும் வயிற்றுக்குத்து. வீட்டுக்காரி கொத்தமல்லி அவித்துக் கொடுத்தார். எங்களுக்கு விசயம் விளங்கிவிட்டது. இரவு வேலைக்குப் போகமுன் அவனைப் பக்கத்தில் இருத்தி இந்தக் கதையைச் சொன்னோம். தொழிற்சாலை, ஆயிரம் பவுண், மார்செய், மிலானுக்கு அடித்த கோல் எல்லாம். 1996இல், தானும் பெனால்ரி தவறவிட்ட சவுத்கேற்றோடும் பியர்சோடும் சேர்ந்து வொடில் பீற்சா விளம்பரத்தில் நடித்துச் சிரித்ததையும், அந்தச் சவுத்கேற்றே பின்னர் இங்கிலாந்தின் முகாமையாளராகி அணியை இரண்டு ஐரோப்பிய இறுதியாட்டங்களுக்குக் கொண்டுபோனதையும் சொன்னோம்.

நன்றாகத்தான் சொன்னோம் என்று நினைத்தோம். அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரேயொரு கேள்வி கேட்டான்.

"அதுக்குப் பிறகு வந்த பெனால்ரி எல்லாம் அவர் அடிச்சவரோ, அப்பா?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. 1991 மே மாதம் பாரி நகரில் ஐரோப்பியக் கிண்ண இறுதி, மார்செயும் பெல்கிரேட்டின் செஞ்சட்டைக்காரரும். ஆட்டம் பெனால்ரிக்குப் போனது. வொடில் அடிக்கப் போகவில்லை. மார்செய் தோற்றது. இதைச் சொன்னோம்.

அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். "அப்ப, அடிக்காமலும் விளையாடலாம்," என்றான்.

புதன்கிழமை பள்ளிக்கூடம் போனான். சனிக்கிழமை ஆட்டத்தில் மீண்டும் ஒரு பெனால்ரி கிடைத்தது. யார் அடிப்பது என்று பயிற்றுநர் கேட்டார். நாங்கள் கோட்டுக்கு வெளியே குளிரில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கள் ஆள் கை உயர்த்தவில்லை. சப்பாத்துக் கயிற்றைக் கட்டுவது போலக் குனிந்துகொண்டான். வேறொரு பெடியன் அடித்துக் கோல் போட்டான். அதற்குப் பிறகு இரண்டு முறை பந்தை வடிவாகக் கொண்டுபோய் மற்றவன் காலில் வைத்தான், எங்கள் மகன். அதில் ஒன்று கோல் ஆனது.