சொல்லிக்கொடுத்தால் பிள்ளை கெட்டுவிடுமா?

"எங்கட பிள்ளையளுக்கு உதொண்டும் தெரியாது. நீங்கள் சொல்லிக்குடுத்துப் பழுதாக்காதேங்கோ."

எச்.ஐ.வி. பற்றி இளம்பிள்ளைகளிடம் பேசவேண்டும் என்று யாழ்ப்பாணத்தில் யார் வாய் திறந்தாலும் இந்தப் பதில் வரும். சொல்பவர்கள் பிள்ளைகள்மீது உயிரையே வைத்திருக்கும் பெற்றோர்கள், ஆசிரியர்கள், ஊர்ப் பெரியவர்கள். அவர்களின் அக்கறையில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவர்கள் நம்புவது பிழை. அந்தப் பிழைக்கு விலை கொடுப்பவர்கள் பிள்ளைகள்.

எங்கள் கலாசாரம் கட்டுக்கோப்பானது, இந்த நோய் வேறெங்கோ, கண்டபடி திரிகிறவர்களுக்கு வருவது என்பதுதான் இந்த நம்பிக்கையின் அடிவேர். சென்னையும் ஒருகாலத்தில் இப்படித்தான் நம்பியது. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் சுனிதி சொலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் பாலியல் தொழில் செய்த பெண்களின் இரத்த மாதிரிகளைச் சேகரிக்கத் தொடங்கியபோது, இங்கே ஏது எயிட்ஸ் என்பதே எல்லோருடைய எண்ணமாகவும் இருந்தது. வேலூருக்குக் கொண்டுபோய்ச் சோதித்தபோது இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலாக உறுதியானது. பண்பாட்டின் பெயரால் போட்ட வேலியைக் கிருமி எப்போதோ கடந்துவிட்டிருந்தது.

இலங்கையில் இந்தத் தொற்று குறைவுதான். வளர்ந்தவர்களில் ஆயிரத்துக்கு ஒருவர்கூட இல்லை. ஆனால் 2022இல் மட்டும் புதிதாக 607 பேர் அடையாளம் காணப்பட்டார்கள். அடுத்த ஆண்டு அந்தத் தொகை இன்னும் கூடியது. அவர்களில் இளைஞர்களின் பங்கு ஏறிக்கொண்டே போகிறது.

எங்கள் பள்ளிக்கூடங்களில் நடப்பதைப் பாருங்கள். சுகாதாரப் புத்தகத்தில் இனப்பெருக்கப் பாடம் இருக்கிறது. அந்தப் பக்கம் வந்ததும், "இதை வீட்டை போய் வாசியுங்கோ" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குத் தாவும் வகுப்புகள் எத்தனை! வீட்டில் அந்தப் புத்தகத்தைத் திறந்தால் அம்மா முகம் சுளிப்பார். மிஞ்சுவது கைத்தொலைபேசி. பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருக்க, அது பாதியையும் பொய்யையும் படித்து முடித்துவிடுகிறது. ஆணுறை எதற்கு, ஒரே ஊசியைப் பகிர்ந்து போதை ஏற்றினால் என்ன வரும் என்பதை மட்டும் அதற்கு யாரும் சொல்வதில்லை. பாலியல் கல்வி பிள்ளைகளை முன்கூட்டியே உறவில் இறக்கிவிடாது என்று, பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த யுனெஸ்கோ 2018இல் மறுபடியும் தெளிவாகச் சொன்னது. கெட்டுப்போவார்கள் என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை.

வெட்கத்தை ஒதுக்கிவைத்த இடத்தில் என்ன நடந்தது என்பதற்கு எங்கள் நாடே சாட்சி. கர்ப்பவதிகளின் கிளினிக்கில் எச்.ஐ.வி.க்கும் சிபிலிசுக்கும் இரத்தம் சோதிக்கிறார்கள். எங்கள் வீட்டு மருமகளும் அங்கே கை நீட்டி இரத்தம் கொடுக்கிறாள். அவளுடைய நடத்தையை யாரும் சந்தேகிப்பதில்லை, குடும்ப மானமும் போகவில்லை. அந்த ஒழுங்கின் பலனாகத்தான், தாயிடமிருந்து குழந்தைக்கு இவ்விரு நோய்களும் தொற்றுவதை இலங்கை ஒழித்துவிட்டது என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. இருபது வயது மகன் தானாகவே போய் அதே சோதனையைச் செய்தால் மட்டும் அது எப்படி மானக்கேடாகிறது?

அந்த மகன் பயப்படுவது நோய்க்கல்ல, ஊருக்கு. ஆஸ்பத்திரி வாசலில் தெரிந்த முகம் ஒன்று கண்டால் போதும், பொழுதுபடுமுன் கதை வீட்டுக்கு வந்துவிடும். ஆணோடு உறவு கொள்ளும் இளைஞனுக்குப் பயம் இரட்டிப்பு. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை அவனைக் குற்றவாளி என்கிறது, வீடும் அதையே சொல்கிறது. இந்தப் பயம் தமிழருக்கு மட்டும் உரியதல்ல. 2016இல், சிங்களவர் பெரும்பான்மையாக வாழும் குளியாப்பிட்டியில், எச்.ஐ.வி. என்ற வெறும் வதந்திக்காக ஒரு சிறுவனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவிடாமல் மற்றப் பிள்ளைகளின் பெற்றோர் மறித்தார்கள். அவனுக்குத் தொற்றே இருக்கவில்லை. கடைசியில் கண்டி திரித்துவக் கல்லூரிதான் அவனுக்குக் கதவு திறந்தது. தொற்று இல்லாத பிள்ளைக்கே இந்தக் கதி என்றால், தொற்று உள்ளவர் எந்தத் துணிவில் வெளியே வருவார்?

வராமல் ஒளிந்திருப்பவரிடமிருந்துதான் நோய் பரவுகிறது. சோதித்து, மருந்தை ஒழுங்காக எடுத்து, இரத்தத்தில் வைரசைக் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைத்துவிட்டவரிடமிருந்து உடலுறவு மூலம் அது தொற்றாது. அவர் வேலை செய்யலாம், கல்யாணம் கட்டலாம், நோயில்லாத குழந்தை பெறலாம். இதை அறிந்த இளைஞன் சோதனைக்குப் போவான். எயிட்ஸ் என்றால் சாவு என்று மட்டும் கேட்டு வளர்ந்தவன் ஒளிவான்.

பெற்றோரே, உங்கள் பிள்ளைக்கு இதைச் சொல்லுங்கள்: யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் பாலியல் நோய் சிகிச்சை நிலையத்தில் சோதனையும் மருந்தும் இலவசம், விபரம் வெளியே போகாது. ஆபத்தான தொடர்பு ஒன்று நடந்துவிட்டால் 72 மணித்தியாலத்துக்குள் மருந்து தொடங்கித் தொற்றைத் தடுக்கலாம். அந்த 72 மணித்தியாலத்துக்குள் உங்களிடம் வந்து சொல்லக்கூடிய துணிவை இப்போதே பிள்ளைக்குக் கொடுத்து வையுங்கள்.