தயாரித்தவரே சான்றிதழ் தரலாமா?

மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உள்ளே இருக்கும் மைக்ரோகன்ட்ரோலரைச் சோதித்துக் காட்டுங்கள் என்று கேட்கும் உரிமை, தோற்ற வேட்பாளருக்கு 2024 ஏப்ரல் 26 அன்றுதான் கிடைத்தது. உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் சஞ்சீவ் கன்னா, தீபாங்கர் தத்தா அமர்வு, வாக்கை அச்சிட்டுக் காட்டும் விவிபாட் கருவியின் சீட்டுகள் அனைத்தையும் எண்ண வேண்டும் என்ற கோரிக்கையை அன்று நிராகரித்தது. ஆனால் அதே தீர்ப்பில், இரண்டாம் மூன்றாம் இடம் பெற்றவர்கள் முடிவு வெளியான ஏழு நாளுக்குள் எழுத்துமூலம் கேட்டால், ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதிப் பகுதியிலும் ஐந்து சதவீத இயந்திரங்களைச் சோதிக்க வழிசெய்தது. வரவேற்க வேண்டிய உத்தரவு. சோதனையை யார் நடத்துவது என்பதில்தான் கோளாறு. இயந்திரத்தைத் தயாரித்த நிறுவனங்களின் பொறியாளர்களே அதைச் சோதித்துச் சொல்வார்கள் என்றது தீர்ப்பு. இந்த ஏற்பாடு தவறானது, மாற்றப்பட வேண்டும்.

பெங்களூரில் உள்ள பாரத் எலெக்ட்ரானிக்ஸ், ஐதராபாத்தில் உள்ள இசிஐஎல் ஆகிய இரண்டு பொதுத்துறை நிறுவனங்களே இந்த இயந்திரங்களைத் தயாரிக்கின்றன. தேர்தலுக்கு முன் ஒவ்வொரு மாவட்டத்திலும் நடக்கும் முதல்நிலைச் சரிபார்ப்பைச் செய்வது அந்நிறுவனங்களின் பொறியாளர்கள். விவிபாட்டில் சின்னங்களை ஏற்றும்போது உடன் இருப்பதும் அவர்களே. பழுதானால் சரிசெய்வது அவர்கள். கடைசியில், 'இதில் யாரும் கை வைக்கவில்லை' என்று சான்றளிக்க வருவதும் அவர்களே என்றால், இயந்திரம் பிறந்தது முதல் அதன்மேல் எழும் வழக்கு முடியும்வரை அதன் உள்ளே பார்ப்பது பெரும்பாலும் தயாரித்தவரின் கண்ணே. ஒரு சாதாரணக் கம்பெனியின் வரவுசெலவைத் தணிக்கை செய்ய அந்தக் கம்பெனியின் ஊழியரை நியமிக்க நம் நிறுவனச் சட்டம் அனுமதிப்பதில்லை. ஊழியர் திருடிவிடுவார் என்று எண்ணி எழுதப்பட்ட விதி அல்ல அது. தன் வேலையில் உள்ள பிழையைத் தானே கண்டுபிடித்து ஊருக்கு அறிவிப்பது யாருக்கும் கடினம் என்பதை உணர்ந்து எழுதப்பட்டது.

நமது வாக்குச்சாவடியின் நடைமுறை, தயாரித்தவரே சான்றளிக்கும் இந்த ஏற்பாட்டுக்கு நேர்மாறானது என்பதையும் சொல்ல வேண்டும். வாக்குப்பதிவு நாளில் விடிந்தும் விடியாததுமாக மாதிரி வாக்குப்பதிவு தொடங்குகிறது. கட்சி ஏஜென்ட்கள் முன்னிலையில் குறைந்தது 50 வாக்குகள் போடப்படுகின்றன. கட்டுப்பாட்டுக் கருவி காட்டும் எண்ணிக்கையை விவிபாட் சீட்டுகளோடு ஒப்பிட்டு, எல்லாவற்றையும் அழித்துவிட்டு, அந்தச் சீட்டுகளின் பின்புறம் முத்திரை குத்திக் கறுப்புக் காகித உறையில் போட்டு சீல் வைக்கிறார்கள். சீல் எண்ணைக்கூட ஏஜென்ட்கள் குறித்துக்கொள்கிறார்கள். எதிரெதிர் கட்சிக்காரர்கள் அருகருகே உட்கார்ந்து கையெழுத்துப் போடும் அந்த ஒரு மணி நேரத்தில்தான் நம் தேர்தலின் மதிப்பு இருக்கிறது. யாரும் யாரையும் நம்ப வேண்டிய அவசியம் அங்கே இல்லை, எல்லாரும் பார்க்கிறார்கள். சில்லுக்குள் எரிக்கப்பட்ட நிரலுக்கு மட்டும் இந்த நியாயம் பொருந்தாதா?

இந்த இயந்திரங்களில் மோசடி நடந்தது என்று நாம் சொல்லவில்லை. அதற்கு ஆதாரமும் இல்லை. இணையத்தோடு தொடர்பில்லாத தனிக் கருவி, குலுக்கல் முறையில் தொகுதிகளுக்கும் சாவடிகளுக்கும் ஒதுக்கீடு, ஸ்ட்ராங் ரூம் காவல் என்று தேர்தல் ஆணையம் அடுக்கும் பாதுகாப்புகள் உண்மையானவை. அவ்வளவு கவனமாகக் கட்டிய அமைப்பு, சரிபார்ப்பு என்ற கடைசிப் படியில் மட்டும் ஏன் தயாரித்தவரின் வாய்மொழியோடு நின்றுவிட வேண்டும் என்பதே கேள்வி.

2024 மக்களவைத் தேர்தலுக்குப் பின் நடந்ததைப் பாருங்கள். சரிபார்க்கக் கோரியவர்களில் விருதுநகரில் இரண்டாம் இடம் பெற்ற தேமுதிக வேட்பாளரும், வேலூரில் இரண்டாம் இடம் பெற்ற பாஜக வேட்பாளரும் இருந்தார்கள். சந்தேகம் எந்த ஒரு கட்சியின் சொத்தும் அல்ல என்பதற்கு இதுவே சான்று. ஓர் இயந்திரத் தொகுப்புக்கு அப்போது கட்டணம் 40,000 ரூபாய், அதோடு ஜிஎஸ்டி. இந்தத் தொகையைக் கணக்கிட்டுச் சொன்னவையும் தயாரிப்பு நிறுவனங்களே. ஆணையம் வகுத்த நடைமுறையோ, அதே இயந்திரத்தில் 1,400 வாக்குகள் வரை போட்டுப் பார்க்கும் இன்னொரு மாதிரி வாக்குப்பதிவாக இருந்தது. நீதிமன்றம் கேட்டது நினைவகத்தைச் சோதிக்க. நடந்ததோ இயந்திரம் ஓடுகிறதா என்று பார்ப்பது. முதல் வழக்கைத் தொடுத்த ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம் மீண்டும் நீதிமன்றம் போனது. 2025 மே மாதம் திருத்திய நடைமுறை ஏற்கப்பட்டது. அதிலும் சான்றளிப்பவர்கள் அதே இரு நிறுவனங்களின் பொறியாளர்கள்தான்.

தமிழ் வாசகர்களுக்கு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் அந்நியப் பெயர் அல்ல. எழுத்தாளர் சுஜாதா அங்கே பொறியாளராக இருந்து இந்த இயந்திரத்தின் உருவாக்கத்தில் முக்கியப் பங்காற்றினார் என்பது நமக்குப் பெருமை. அந்தப் பெருமைக்கும் அந்நிறுவனப் பொறியாளர்களின் திறமைக்கும் இந்த வாதத்தால் எந்தக் குறையும் இல்லை. நாம் பேசுவது அவர்கள் உட்கார வைக்கப்பட்டிருக்கும் நாற்காலியைப் பற்றி. பாரத் எலெக்ட்ரானிக்ஸ் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வருகிறது. இசிஐஎல் அணுசக்தித் துறையின் கீழ். இயக்குநர்களை நியமிப்பது மத்திய அரசு, அதாவது அந்தந்தத் தேர்தலில் ஆட்சியைத் தக்கவைக்கப் போட்டியிடும் தரப்பு. பாரத் எலெக்ட்ரானிக்ஸ் இயக்குநர் குழுவில் ஆளும் பாஜகவைச் சேர்ந்தவர்கள் சுயேச்சை இயக்குநர்களாக இருக்கிறார்கள் என்று சுட்டிக்காட்டி, மத்திய அரசின் முன்னாள் செயலர் இ.ஏ.எஸ். சர்மா 2024 ஜனவரியில் தேர்தல் ஆணையத்துக்குக் கடிதம் எழுதினார். இயக்குநர் குழு சில்லில் நிரல் எழுதுவதில்லை, உண்மைதான். ஆனால் கட்சிக்காரர் இயக்குநராக இருக்கும் நிறுவனத்தின் ஊழியர், அந்தக் கட்சி வென்ற தொகுதியின் இயந்திரத்தை நற்சான்று கொடுத்து அனுப்பும்போது, தோற்றவர் மனம் ஆறுமா? ஆட்சி மாறினால் கட்சிப் பெயர் மாறும், கேள்வி மாறாது.

வல்லுநர் குழுக்கள் பார்த்துவிட்டனவே என்பார்கள். பேராசிரியர் சம்பத் தலைமையில் 1990இலும், பேராசிரியர் இந்திரேசன் தலைமையில் 2006இலும் குழுக்கள் ஆராய்ந்து இயந்திரம் பாதுகாப்பானது என்றன. மதிப்புக்குரிய அறிஞர்கள். ஆனால் அந்தக் குழுக்களின் கையில் மூல நிரல் தரப்படவில்லை. தயாரிப்பாளர்கள் அளித்த விளக்கங்களையும் செய்முறைக் காட்சிகளையும் சார்ந்தே அவை முடிவுக்கு வந்தன. பின்னாளில் தேர்தல் ஆணையத்தின் தொழில்நுட்ப வல்லுநர் குழு, புதிய இயந்திரங்களின் வடிவமைப்புக்கு யோசனை சொல்லி, மாதிரியை அங்கீகரித்து, பின்னர் அவற்றின் மேல் எழும் குற்றச்சாட்டுகளுக்குப் பதில் தரும் இடத்திலும் இருக்கிறது. தான் ஒப்புதல் கொடுத்த வடிவமைப்பைக் குறைசொல்வது எவ்வளவு பெரிய அறிஞருக்கும் எளிதல்ல.

வெளியாள் வந்தபோது என்ன நடந்தது? 2009 செப்டம்பரில் ஐதராபாத் பொறியாளர் ஹரி பிரசாத்தைத் தேர்தல் ஆணையம் அழைத்தது. இயந்திரத்தைத் திறந்து ஆராயும்போது பாதியில் நிறுத்தப்பட்டதாகவும், நிறுவனத்தின் அறிவுசார் சொத்துரிமை காரணமாகச் சொல்லப்பட்டதாகவும் அவர் தரப்பு கூறியது. அவரால் செய்துகாட்ட முடியவில்லை என்றது ஆணையம். அடுத்த ஆண்டு, பெயர் வெளியிடாத ஒருவர் கொடுத்த இயந்திரத்தை அவரும், அமெரிக்காவின் அலெக்ஸ் ஹால்டர்மேனும், நெதர்லாந்தின் ரோப் கோங்ரைப்பும் ஆராய்ந்தார்கள். எண்ணிக்கை காட்டும் பலகையை மாற்றிவைத்து மொபைல் போனிலிருந்து முடிவைத் திருத்த முடியும் என்றும், நினைவகச் சில்லில் சிறு கருவியைக் கவ்வவிட்டு வாக்குகளை மாற்ற முடியும் என்றும் செய்துகாட்டினார்கள். 2010 ஆகஸ்டில் ஹரி பிரசாத் கைது செய்யப்பட்டார். இயந்திரம் எங்கிருந்து வந்தது என்பதே விசாரணை. முறையாகக் கேட்டுப் பெற ஒரு வாசல் இருந்திருந்தால், கொல்லைப்புற வழியாக அந்த இயந்திரம் வந்திருக்க வேண்டியதில்லை.

குறை சொல்பவருக்கும் ஆதாயம் இருக்கலாம் என்பதை மறைக்க நாம் விரும்பவில்லை. 2003இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஏவி ரூபினும் அவரது குழுவினரும், டீபோல்ட் நிறுவன வாக்குப்பதிவு இயந்திரத்தின் நிரலில் கடுமையான ஓட்டைகளை வெளியிட்டார்கள். சில வாரங்களில் ஒரு செய்தி வந்தது: வாக்குப்பதிவு மென்பொருள் துறையிலேயே இருந்த வோட்ஹியர் என்ற நிறுவனத்தின் ஆலோசனைக் குழுவில் ரூபின் இருக்கிறார், அதன் பங்கு உரிமைகளும் அவரிடம் உள்ளன. அவர் பதவி விலகினார். பங்கு உரிமைகளைத் திருப்பிக் கொடுத்தார். ஆய்வின் கதி என்ன? அது விழவில்லை. மேரிலாந்து மாநில அரசு வேறொரு நிறுவனத்தை வைத்து ஆராயச் செய்தபோது, அமைப்பு பெரும் ஆபத்தில் இருக்கிறது என்றே அறிக்கை வந்தது. எடுத்த நிரல் எது, கண்ட ஓட்டை எது என்று எல்லாம் வெளிப்படையாக இருந்ததால் இன்னொருவரால் சரிபார்க்க முடிந்தது. தயாரிப்பாளரின் பொறியாளர் தரும் ஒரு பக்கச் சான்றிதழில் இதற்கு இடமில்லை.

தயாரிப்பாளரே பணம் கொடுத்துச் சோதனைக்கூடத்தை வைத்துக்கொள்ளும் முறையையும் அமெரிக்கா பார்த்துவிட்டது. அப்படிச் செயல்பட்ட சைபர் என்ற சோதனை நிறுவனம், தேவையான சோதனைகள் அனைத்தையும் செய்ததற்கான பதிவுகளையே காட்ட முடியாமல் 2006இல் அங்கீகாரம் மறுக்கப்பட்டது. அடுத்த ஆண்டு கலிபோர்னியா மாநிலச் செயலர் டெப்ரா போவன் வேறு வழியில் போனார். பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்களிடம் இயந்திரங்களையும் மூல நிரலையும் ஒப்படைத்தார். அறிக்கைகள் மக்கள் முன் வைக்கப்பட்டன. அதன் பேரில் பல இயந்திரங்களின் அங்கீகாரம் ரத்தாகி, கடும் நிபந்தனைகளோடுதான் திரும்பக் கிடைத்தது.

நிரலை வெளியாரிடம் கொடுத்தால் பாதுகாப்பு போய்விடும், அந்தச் சில்லைப் பற்றிப் பொறியாளர்களைத் தவிர யாருக்குத் தெரியும் என்பது எதிர்வாதம். தயாரிப்பு நிறுவனப் பொறியாளர் அறையில் இருக்கட்டும்; கேட்டதற்கு விளக்கம் சொல்லட்டும். கையெழுத்து மட்டும் அவருடையதாக இருக்கக் கூடாது. சென்னை உட்பட எத்தனை ஐஐடிகளில் கணினிப் பாதுகாப்பு படித்தவர்கள் இருக்கிறார்கள்! ரகசியம் காக்க உறுதிமொழி வாங்கிக்கொண்டு அவர்களைச் சோதிக்க விடுவதில் என்ன இடையூறு?

சார்பற்ற கை எண்ணினால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு சிறிய வழக்கு போதும். ஹரியானாவின் பானிபட் மாவட்டத்தில் ஒரு கிராமத் தலைவர் தேர்தல் முடிவில் தகராறு. ஒரு சாவடியில் எண்ணிக்கையை மாற்றி எழுதிய மனிதத் தவறு அது. இயந்திரத்தின் குற்றம் இல்லை. உச்ச நீதிமன்றம் இயந்திரங்களை டெல்லிக்கே வரவழைத்து, 2025 ஆகஸ்டில் தன் பதிவாளர் முன்னிலையில், இரு தரப்பையும் உட்கார வைத்து, வீடியோ எடுத்து எண்ணியது. முடிவு மாறியது, தோற்றதாக அறிவிக்கப்பட்டவர் தலைவரானார்.

ஒரு கிராமத்துக்குக் கிடைத்த அந்த ஏற்பாட்டை மக்களவைத் தொகுதிக்கும் கொடுங்கள். சரிபார்க்கும் குழுவில் தயாரிப்பு நிறுவன ஊழியரோ, வடிவமைப்புக்கு ஒப்புதல் அளித்தவரோ, கட்சிப் பொறுப்பில் இருப்பவரோ இருக்கக் கூடாது. குழுவினர் கடந்த ஐந்து ஆண்டுகளில் யாரிடம் ஊதியமும் ஆலோசனைக் கட்டணமும் வாங்கினார்கள் என்பதை எழுதித் தர வேண்டும். அது வெளியிடப்பட வேண்டும். அறிக்கை முழுதாக வேட்பாளர் கைக்கு வர வேண்டும். நல்லெண்ணத்தோடு ஓட்டையைச் சுட்டிக்காட்டும் ஆராய்ச்சியாளர்மேல் வழக்குப் பாயாது என்ற பாதுகாப்பு சட்டத்தில் வேண்டும். இரு நிறுவனங்களின் இயக்குநர் குழுக்களில் கட்சிக்காரர்களை நியமிப்பதை மத்திய அரசு நிறுத்த வேண்டும். கடைசி இரண்டுக்கும் அரசும் நாடாளுமன்றமும் தேவை. முதல் மூன்றையும், உச்ச நீதிமன்றத்தின் ஒப்புதலைக் கேட்டுப் பெற்று, அடுத்த பொதுத்தேர்தல் அறிவிப்புக்கு முன்பே தேர்தல் ஆணையம் நடைமுறைக்குக் கொண்டுவர முடியும். அதற்கான மனுவை ஆணையமே தாக்கல் செய்ய வேண்டும்.