சால்வர் சொன்னால் சரியாகத்தான் இருக்குமா?

எக்ஸெல் தொகுப்பில் உள்ள சால்வர் மிகப் பயனுள்ள வசதி. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. பல மாறிகள் கொண்ட கணக்கு ஒன்றில், ஒவ்வொரு மாறிக்கும் கீழ் எல்லையும் மேல் எல்லையும் கொடுத்து, விடை மிக அதிகமாக வர என்ன மதிப்புகள் தர வேண்டும் என அதனிடம் கேட்கலாம். சால்வ் பட்டனில் கிளிக் செய்தவுடன் விடை கிடைக்கும். தீர்வு கிடைத்துவிட்டது என்ற செய்தியும் வரும். பலர் அத்துடன் பைலை சேவ் செய்து மூடிவிடுகின்றனர். இந்தப் பழக்கம்தான் ஆபத்தானது என்கிறேன்.

ஓர் எடுத்துக்காட்டினைப் பார்ப்போம். ஒரு கடைக்காரர் மூன்று வகை இனிப்புகளைத் தயாரிக்கத் திட்டமிடுவதாக வைத்துக் கொள்வோம். ஒவ்வொன்றின் அளவும் ஏ1, பி1, சி1 செல்களில் 0 முதல் 1 வரை இருக்கலாம். 0 என்றால் தயாரிப்பு இல்லை. 1 என்றால் முழு அளவு. எந்த இனிப்பையும் தனியாக முழு அளவில் விற்றால் லாபம் 1 லட்சம் ரூபாய். ஆனால், ஒன்றின் விற்பனை மற்றதன் விற்பனையைக் குறைக்கும். எனவே லாபத்திற்கான பார்முலா இப்படி அமைகிறது:

=ஏ1+பி1+சி1-ஏ1*பி1-பி1*சி1-சி1*ஏ1

மூன்று செல்களிலும் 0.5 எனத் தொடக்க மதிப்பு தந்தால், விடை 0.75, அதாவது 75,000 ரூபாய். சால்வரில் மாறா நிலையில் இயங்கும் ஜிஆர்ஜி நான்லீனியர் என்னும் முறை இங்கிருந்து நகர வழியில்லை. இந்த முறை, இருட்டில் மலை ஏறுபவர் காலடியில் மேடு எந்தப் பக்கம் எனத் தடவிப் பார்த்து நடப்பதைப் போன்றது. ஏ1 மதிப்பைச் சற்று உயர்த்தினால் கிடைக்கும் கூடுதல் லாபம், 1-பி1-சி1 என்பதைப் பொறுத்தது. பி1, சி1 இரண்டும் 0.5 என்பதால் அது பூஜ்யம். மற்ற இரண்டுக்கும் இதே கதைதான். காலடியில் மேடே தெரியாததால், இதுதான் உச்சி என முடிவு கட்டப்படுகிறது. மூன்றையும் 0 எனத் தொடங்கினாலும் கவனம் தேவை. மூன்று பக்கமும் சரிவு ஒரே அளவில் இருப்பதால், சமமாக ஏறிச் சென்று அதே 0.5ல் நின்றுவிடும் வாய்ப்பு உண்டு.

இப்போது ஏ1ல் 1, மற்ற இரண்டிலும் 0 கொடுத்துப் பாருங்கள். லாபம் 1 லட்சம்! சால்வரை மட்டும் நம்பியவர் 25,000 ரூபாயை இழக்கிறார். இழந்தது அவருக்குத் தெரியவும் தெரியாது.

இதனைக் கண்டறிய பென்சிலும் பேப்பரும் போதும். மேலே உள்ள பார்முலாவில் எந்த மாறிக்கும் வர்க்கம் இல்லை. இரண்டு மாறிகளை அப்படியே வைத்து மூன்றாவதை மட்டும் மாற்றினால், கிடைப்பது நேர்கோடு. நேர்கோட்டின் உச்சம் அதன் ஏதாவது ஒரு முனையில் இருக்கும். எனவே ஒவ்வொரு மாறிக்கும் 0, 1 என்ற எல்லை மதிப்புகளை மட்டும் சோதித்தால் போதும். மொத்தம் 8 சேர்க்கைகள். எல்லாம் 0 எனில் லாபம் 0. ஒன்று மட்டும் 1 எனில் 1. இரண்டு 1 எனில் 1. மூன்றும் 1 எனில் 0. ஆக, உச்சம் 1. இதற்கு மேல் வர வழியே இல்லை எனத் துணிந்து சொல்லலாம். சால்வர் தந்த செய்தியில் இந்த உறுதி இல்லை.

மாறிகள் கூடினால் சேர்க்கைகளும் இரட்டிப்பாகும். 10 மாறிகளுக்கு 1,024. 20 மாறிகளுக்கு 10,48,576. எக்ஸெல் 2007 முதல் ஓர் ஒர்க் ஷீட்டில் உள்ள வரிசைகளின் எண்ணிக்கையும் சரியாக இதுவே. 30 மாறிகள் எனில் 107 கோடியைத் தாண்டிவிடும். அங்கு சால்வர் போன்ற புரோகிராம்கள் கட்டாயம் தேவை.

வேறு சில இடங்களிலும் இந்த வழி உதவாது. 'மூன்றின் கூட்டுத் தொகை 1ஐத் தாண்டக் கூடாது' என்பது போன்ற பொது நிபந்தனை இருந்தால், எல்லை மதிப்புகளை மட்டும் பார்ப்பது போதாது. மைனஸ் குறியுடன் வர்க்கம் வந்தால், உச்சம் நடுவிலும் இருக்கலாம். அப்போது சால்வர் ஆப்ஷன்ஸ் சென்று, ஜிஆர்ஜி நான்லீனியர் பிரிவில் மல்டி ஸ்டார்ட் என்பதனை டிக் செய்திடுங்கள். எக்ஸெல் 2010 முதல் உள்ள இந்த வசதி, பல இடங்களில் இருந்து தொடங்கித் தேடும். மாறிகளின் எல்லைகளையும் மறக்காமல் தர வேண்டும்.

சால்வரைக் கற்றுத் தருவோருக்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு. எந்த பட்டனில் கிளிக் செய்வது என்பதை மட்டும் சொல்லித் தராதீர்கள். பார்முலாவில் வர்க்கம் உள்ளதா, எல்லை மதிப்புகளில் என்ன விடை வருகிறது, தொடக்க மதிப்பை மாற்றினால் விடையும் மாறுகிறதா என்ற மூன்று கேள்விகளையும் சேர்த்துச் சொல்லுங்கள். இவற்றுக்கு ஐந்து நிமிடம் போதும். கம்ப்யூட்டர் கணக்குப் போடட்டும். அந்த விடையை நம்பலாமா என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.